நற்செய்தி நூல்கள்: எப்போது எழுதப்பட்டன, எப்படி நம் கைக்கு வந்தன, எந்த அளவு நம்பலாம்?

வைகைக்கரை:
மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரம் 2, 3 வசனங்களைப் பழைய திருப்புதல் என்ற பழைய தமிழ் வேதாகமத்தில் எடுத்துப் பாருங்கள். மேற்கோள் "தீர்க்கதரிசன ஆகமங்களில்" எழுதியிருப்பதாக வரும். அதையே பொது மொழிபெயர்ப்பு என்ற புதிய தமிழ்ப் பதிப்பில் பார்த்தால் எசாயாவின் பெயர் நேராகவே இருக்கும். இது மொழிபெயர்த்தவர்களின் விருப்பமா, மூலத்திலேயே இரண்டு விதமாக இருக்கிறதா? இதைக் கேட்டால் ஒரு சாரார் "5,000 கையெழுத்துப்படிகள் இருக்கின்றன, ஓர் எழுத்துகூட மாறவில்லை" என்கிறார்கள். இன்னொரு சாரார் "எல்லாம் உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நைசியா திருச்சபைச் சங்கத்தில் தேர்ந்தெடுத்தது" என்கிறார்கள். இரண்டுமே யாரும் சோதித்துப் பார்க்காமல் கைமாற்றிவிடும் பேச்சாகத் தெரிகிறது. விவரம் தெரிந்தவர்கள் எந்தச் சுவடி, எந்த வசனம் என்று குறிப்பிட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சுவடிப்பெட்டி:
மூலத்திலேயே இரண்டு விதம்தான். மேற்கோளின் முதல் பாதி எசாயாவில் இல்லை. அது மல்கியா 3:1-ம் யாத்திராகமம் 23:20-ம் கலந்தது. இரண்டாம் பாதிதான் எசாயா 40:3. சினாயிட்டிகஸ், வத்திக்கானுஸ் என்ற 4-ஆம் நூற்றாண்டுச் சுவடிகள் இரண்டிலும் "எசாயா" என்றே இருக்கிறது. பிற்காலச் சுவடிகளில் பெரும்பாலானவற்றில் "தீர்க்கதரிசிகள்" என்று பன்மையாக மாறிவிட்டது. மல்கியாவின் சொல்லை எசாயா சொன்னதாக மாற்கு எழுதியிருப்பது படியெடுத்தவரின் கண்ணை உறுத்தியிருக்கிறது, திருத்திவிட்டார். "தீர்க்கதரிசிகள்" என்று சரியாக இருந்ததை வேண்டுமென்றே "எசாயா" என்று பிழையாக்க யாருக்கும் காரணம் கிடையாது. இரண்டு பாடங்களில் (பாடம் என்றால் சுவடியில் உள்ள சொல்வடிவம்) எது மற்றதைப் பிறப்பித்திருக்க முடியும் என்று கேட்பதுதான் மூலபாட ஆய்வின் முதல் கேள்வி. பழைய திருப்புதல், அச்சு வந்த காலத்தில் கைக்குக் கிடைத்த பிற்காலக் கிரேக்கச் சுவடிகளிலிருந்து உருவான பாடத்தைப் பின்பற்றுகிறது. அதனால் அதில் பன்மை.

இனி அந்த 5,000. எண்ணிக்கை தவறில்லை, கிரேக்கத்தில் மட்டுமே ஐயாயிரத்துக்கு மேல் உண்டு. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை 9-ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை. முழுப் புதிய ஏற்பாடு கொண்டவை சொற்பம். 2-ஆம் நூற்றாண்டுக்கு உறுதியாகக் கொண்டுபோகக்கூடியவை விரல்விட்டு எண்ணும் அளவுதான், அவையும் துண்டுகள். புகழ்பெற்ற பி52 (பி என்பது பப்பைரஸ், அதாவது நாணல் தாள் சுவடி; எண் அதன் பட்டியல் எண்) மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 9 செ.மீ. உயரம், 6 செ.மீ. அகலம், பக்கத்துக்கு 7 வரி, அவையும் அரைகுறை. முன்பக்கம் யோவான் 18:31–33, பின்பக்கம் 18:37–38. 1935-இல் வெளியிட்டபோது 2-ஆம் நூற்றாண்டின் முதற்பாதி என்றார்கள். அந்தக் காலக்கணிப்பு முழுக்க எழுத்தின் வடிவத்தை வைத்துச் செய்தது. தேதியிட்ட பத்திரங்களின் எழுத்தோடு ஒப்பிட்டு "இந்தக் கை இந்தக் காலத்தது" என்பார்கள். ஓர் எழுத்தர் இருபது வயதில் பழகிய கையை அறுபது வயதிலும் எழுதுவார் என்பதால் முன்பின் ஐம்பது ஆண்டு வித்தியாசம் என்பது மிகக் குறைந்தபட்சம். 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியும், 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கமும்கூட பி52-க்குப் பொருந்தும் என்று 2005 முதல் வலுவாக வாதிடப்படுகிறது. "கி.பி. 125" என்று ஒற்றை ஆண்டைப் போட்டுப் பரப்புபவர்கள் இதைச் சொல்வதில்லை.

இந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு பி137 என்ற துண்டு உதாரணம். முதல் நூற்றாண்டு மாற்குத் துண்டு கிடைத்துவிட்டது என்று 2012-இல் மேடையில் அறிவித்தார்கள். 2018-இல், எகிப்தின் ஆக்சிரிங்கஸில் கிடைத்த பப்பைரஸ்களின் வெளியீட்டுத் தொகுதி 83-இல் 5345-ஆம் எண்ணாக அது வெளியானபோது காலம் 2-ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று வந்தது. அப்படியிருந்தும் மாற்குக்குக் கிடைத்த மிகப் பழைய துண்டுகளில் அது ஒன்று. அதன் உண்மையான மதிப்பே போதுமானதாக இருந்தது. முதல் நூற்றாண்டு என்று ஏற்றிச் சொன்னதுதான் பிறகு ஏமாற்றமாக முடிந்தது.

நெல்லைமறை:
சுவடிப்பெட்டி ஐயா சொன்னது அத்தனையும் ஏற்கிறேன், ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். சுவடிகள் துண்டு துண்டாக இருந்தாலும் பாடம் கட்டுப்பாடில்லாமல் ஓடவில்லை என்பதற்கு நல்ல சான்று பி75. லூக்காவும் யோவானும் கொண்ட பப்பைரஸ் சுவடி, 1961-இல் வெளியானது. அதன் பாடம் வத்திக்கானுஸோடு மிக நெருக்கமாக ஒத்துப்போகிறது. அதற்கு முன்பு, வத்திக்கானுஸின் பாடம் 4-ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் உட்கார்ந்து செப்பனிட்டது என்று எண்ணியவர்கள் பலர். பி75 வந்தபின் அதைச் சொல்ல முடியவில்லை. அப்படிச் செப்பனிட்டதாக வைத்துக்கொண்டாலும், வத்திக்கானுஸுக்கு முன்பே அந்தப் பாடம் இருந்திருக்கிறது.

சுவடிப்பெட்டி:
பி75-இன் காலம் வழக்கமாக 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அதையும் 4-ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளும் வாதம் இப்போது இருக்கிறது. அது நிலைத்தால் உங்கள் சான்றின் பலம் குறையும். மற்றபடி நீங்கள் சொன்னது சரியே.

கீற்று:
மாற்கு 16-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தோடு முடிகிறதா, 20-ஆம் வசனம் வரை போகிறதா? சிலர் "நைசியாவுக்குப் பிறகு சேர்த்தது" என்கிறார்களே?

சுவடிப்பெட்டி:
நைசியாவுக்குப் பிறகு அல்ல. கி.பி. 180 வாக்கில் லியோன் நகர ஆயர் இரேனேயு, மாற்கின் முடிவில் இருப்பதாகச் சொல்லி 16:19-ஐ எடுத்தாள்கிறார். ஆக நீண்ட முடிவு 2-ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்தில் இருந்தது. ஆனால் பழையது என்பதாலேயே மாற்கு எழுதியது ஆகிவிடாது.

எதிர்ச்சான்றுகளை நேரில் பார்க்கலாம், இரண்டு சுவடிகளின் படங்களும் இணையத்தில் இருக்கின்றன. வத்திக்கானுஸில் பக்கத்துக்கு மூன்று பத்தி. மாற்கு இரண்டாம் பத்தியில் 16:8-ஓடு முடிகிறது, "மாற்குப்படி" என்ற முடிவுக்குறிப்பும் இருக்கிறது. வழக்கப்படி லூக்கா அடுத்த பத்தியிலேயே தொடங்கியிருக்க வேண்டும். மாறாக மூன்றாம் பத்தி முழுக்க வெறுமையாக விடப்பட்டு, லூக்கா மறுபக்கத்தில் தொடங்குகிறது. எழுதியவருக்கு நீண்ட முடிவு தெரிந்திருந்தது, இடம் விட்டு வைத்தார் என்பது ஒரு விளக்கம். பழைய ஏற்பாட்டுப் பகுதியிலும் அதே சுவடியில் வெற்றுப் பத்திகள் உண்டு என்பதால் நான் இதை உறுதியாகப் பிடித்துக்கொள்ள மாட்டேன். சினாயிட்டிகஸில் இன்னும் விசித்திரம். மாற்கின் முடிவு வரும் இரட்டைத் தாள் முதலில் எழுதியதல்ல, பிடுங்கிவிட்டு வேறொரு எழுத்தர் எழுதிச் சேர்த்த மாற்றுத்தாள். எழுத்துகளை இறுக்கியும் தளர்த்தியும் இடத்தைச் சரிக்கட்டியிருக்கிறார். அங்கும் மாற்கு 16:8-லேயே நிற்கிறது.

பாடத்துக்குள்ளேயே உள்ள சான்று எனக்கு இதைவிட முக்கியம். 16:9-இல் மகதலேனா மரியாளை "ஏழு பேய்கள் நீங்கிய" பெண் என்று புதிதாக அறிமுகப்படுத்துகிறார்கள். ஆனால் அவர் 15:40-இலும் 15:47-இலும் 16:1-இலும் ஏற்கெனவே வந்துவிட்டார். கிரேக்கத்தில் 16:9-இன் வினைக்கு எழுவாய் பெயர் இல்லை. முந்தைய வசனத்தின் எழுவாயோ பயந்து ஓடிய பெண்கள். 16:7-இல் கலிலேயாவில் காண்பீர்கள் என்ற வாக்கு இருக்கிறது, நீண்ட முடிவில் கலிலேயா வருவதே இல்லை. வேறெங்கோ இருந்த ஒரு சுருக்கத்தை ஒட்டியதற்கான தையல் இது. இன்னொரு குறுகிய முடிவும் உண்டு. பாபியென்சிஸ் என்ற பழைய லத்தீன் சுவடியில் அது மட்டும் வருகிறது. ஒரே நூலுக்குப் பல முடிவுகள் கிளைத்திருப்பதே 16:8-இல் நிற்கும் படி பலருக்குக் கிடைத்து, அதை யாருமே போதும் என்று நினைக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

ஒரு எச்சரிக்கை. மாற்கு 16-ஆம் அதிகாரம் 2, 3-ஆம் நூற்றாண்டுப் பப்பைரஸ் எதிலும் கிடைக்கவில்லை. செஸ்டர் பீட்டி தொகுப்பின் பி45-இல் மாற்கு 4 முதல் 12 வரையிலான பகுதிகளே மிஞ்சியிருக்கின்றன. அதனால் "பப்பைரஸ்களில் இல்லை" என்ற வாதம் இங்கே செல்லாது.

கீற்று:
படியெடுக்கும்போது எந்த வகைத் தவறுகள் அதிகம்?

சுவடிப்பெட்டி:
கண் தாவுவதுதான் முதலில். யோவான் 17:15-இல் "அவர்களை உலகத்திலிருந்து எடுக்கும்படி வேண்டவில்லை, தீயோனிடமிருந்து காக்கும்படி வேண்டுகிறேன்" என்ற பொருள் வரும். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரித் தொடர் வருவதால், வத்திக்கானுஸின் எழுத்தர் முதல் இடத்திலிருந்து இரண்டாவதற்குத் தாவி, "அவர்களைத் தீயோனிடமிருந்து எடுக்கும்படி வேண்டவில்லை" என்று எழுதிவிட்டார். கொள்கை நோக்கம் எதுவும் கிடையாது, வெறும் களைப்பு. இப்படிப்பட்டவை ஆயிரக்கணக்கில் உண்டு. பெரும்பாலும் கண்டுபிடிக்க எளிது.

கண்டுபிடிக்கக் கடினமானது ஒத்திசைப்பு. மத்தேயுவை மனப்பாடமாக அறிந்த எழுத்தர் லூக்காவைப் படியெடுக்கும்போது கை தானாக மத்தேயுவை எழுதும். லூக்கா 11:2-ஐப் பாருங்கள். பி75, வத்திக்கானுஸில் இறைவேண்டல் "தந்தையே" என்று மட்டும் தொடங்குகிறது. பிற்காலச் சுவடிகளில் மத்தேயுவின் நீண்ட தொடக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. உங்கள் இரண்டு தமிழ்ப் பதிப்புகளிலும் இந்த வித்தியாசமும் இருக்கும். மூன்றாவது வகை, ஓரக்குறிப்பு உள்ளே நுழைவது. யோவான் 5:4-இல் தூதன் குளத்தைக் கலக்கும் வசனம் பி66, பி75, சினாயிட்டிகஸ், வத்திக்கானுஸ் எதிலும் இல்லை. 7-ஆம் வசனத்தில் நோயாளி "தண்ணீர் கலக்கப்படும்போது" என்று சொல்வது ஏன் என்று யாரோ விளக்கம் எழுதி வைத்தது அது.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் நிகழ்ச்சி, யோவான் 7:53–8:11, இதற்கெல்லாம் அப்பாற்பட்ட இடைச்செருகல். பி66, பி75, சினாயிட்டிகஸ், வத்திக்கானுஸ் நான்கிலும் இல்லை. பேசா சுவடியில்தான், ஏறத்தாழ கி.பி. 400-ஐ ஒட்டி, கிரேக்கத்தில் முதன்முதலாகப் பார்க்கிறோம். ஒரு சுவடிக் குடும்பத்தில் அது லூக்கா 21:38-க்குப் பிறகு உட்கார்ந்திருக்கிறது. இடம் நிலைக்காமல் அலைவதே வெளியிலிருந்து வந்தது என்பதன் அடையாளம். நிகழ்ச்சி நடக்கவே இல்லை என்று இதனால் முடிவு கட்டக் கூடாது. யோவான் எழுதிய நூலின் பகுதி அல்ல என்பது மட்டுமே தீர்மானம்.

மூன்றுபத்தி:
இதுவரை பேசியது படியெடுத்தவர்களைப் பற்றி. எழுதியவர்களுக்கு வருவோம், ஏனென்றால் வரலாறு என்ற நோக்கில் கனமான கேள்வி அங்கேதான். மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றும் மூன்று தனிச் சாட்சிகள் அல்ல. இதை மாற்கு 2:10-இல் காட்டிவிடலாம். இயேசு பேசிக்கொண்டிருக்கிறார்: "பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு அதிகாரம் உண்டென்று நீங்கள் அறியும்படி" என்று தொடங்கும் வாக்கியம் முடியவில்லை. இடையில் "என்று திமிர்வாதக்காரனை நோக்கிச் சொல்கிறார்" என்று கதைசொல்லி குறுக்கிடுகிறார். பிறகு "எழுந்திரு" வருகிறது. இலக்கணப்படி அறுந்த வாக்கியம். மத்தேயு 9:6-இலும் லூக்கா 5:24-இலும் அதே இடத்தில் அதே அறுப்பு. மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டு எழுதியிருந்தால் சொற்கள் ஒத்துப்போகலாம், கதைசொல்லியின் குறுக்கீடு ஒரே இடத்தில் விழாது. ஒருவர் எழுதிய கிரேக்கப் பிரதியைப் பார்த்துத்தான் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

யார் யாரைப் பார்த்தது? மத்தேயு 14-இல் தெரியும். மாற்கு 6-இல் ஏரோது அந்திப்பா நெடுக "ராஜா". அது பதவிப்பெயராகத் தவறு, அவன் காற்பங்கு தேசாதிபதி. மத்தேயு 14:1-இல் சரியாகத் "காற்பங்கு தேசாதிபதி" என்று திருத்துகிறார். 14:9-க்கு வரும்போது மறந்து "ராஜா" என்றே விட்டுவிடுகிறார். அதே வசனத்தில் ராஜா துக்கப்படுகிறான். ஆனால் 14:5-இல் ஞானஸ்நானம் கொடுத்த யோவானைக் கொல்ல விரும்பியவன் இதே ஏரோதுதான் என்று மத்தேயுவே எழுதியிருந்தார். மாற்கில் கொல்ல விரும்பியது அவன் மனைவி ஏரோதியாள், ஏரோது காப்பாற்றிக்கொண்டிருந்தான். அதனால் அங்கே துக்கம் பொருந்துகிறது. லூக்காவிலும் இது உண்டு. 8:6-இல் கற்பாறையில் விழுந்த விதை ஈரமில்லாமல் உலர்ந்தது என்று மாற்றிவிட்டு, 8:13-இல் விளக்கம் சொல்லும்போது "வேர் இல்லாதவர்கள்" என்கிறார். உவமையில் வேரே வரவில்லை. வேர் இருப்பது மாற்கு 4:6-இல். திருத்தத் தொடங்கியவர் பாதியில் மூலத்துக்குள் வழுக்கி விழுகிறார். மாற்கு மத்தேயுவைப் பார்த்து எழுதியதாகக் காட்டும்படியான வழுக்கல்கள் எதிர்த்திசையில் இப்படிக் கிடைப்பதில்லை.

மாற்கில் இல்லாமல் மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் பொதுவாக ஏறத்தாழ 235 வசனங்கள் உண்டு. அதற்குக் காணாமல்போன ஒரு போதனைத் தொகுப்பு மூலம் என்பது பெரும்பான்மைக் கருத்து. லூக்கா மத்தேயுவையும் பார்த்தார், வேறு மூலமே தேவையில்லை என்பது மறு கருத்து. இதில் நான் இரண்டாம் பக்கம் சாய்கிறேன், ஆனால் முடிந்த விவகாரம் அல்ல.

வைகைக்கரை:
நாங்களே இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி? தமிழில் செய்யலாமா?

மூன்றுபத்தி:
செய்யலாம், வரம்பு தெரிந்து செய்ய வேண்டும். ஒரு நிகழ்ச்சியை எடுத்து மூன்று நூல்களிலும் உள்ள பகுதிகளைப் பக்கவாட்டில் மூன்று பத்தியாக எழுதுங்கள். ஒரு தடவைக்குப் பதினைந்து வசனத்துக்கு மேல் எடுக்காதீர்கள், கண் சோர்ந்துவிடும். மூன்றிலும் உள்ளதற்கு ஒரு நிறம், மாற்கு–மத்தேயுவுக்கு ஒன்று, மாற்கு–லூக்காவுக்கு ஒன்று, மாற்கைத் தவிர்த்த மத்தேயு–லூக்காவுக்கு ஒன்று. கோடிட்டு முடித்தபின் நிறமில்லாமல் மிஞ்சும் சொற்களைப் பாருங்கள். ஒவ்வொரு ஆசிரியரின் கை அங்கேதான் தெரியும். எது கூடியிருக்கிறது, எது போயிருக்கிறது, வரிசை எங்கே மாறியிருக்கிறது என்று ஓரத்தில் குறியுங்கள்.

இதில் தவறு நேர்வது இரண்டு இடத்தில். ஒன்று, பழைய திருப்புதலிலேயே செய்தால் சுவடிப்பெட்டி சொன்ன ஒத்திசைப்புகளும் சேர்ந்து வந்து, இல்லாத ஒற்றுமையைக் காட்டும். இரண்டு, ஒரே கிரேக்கச் சொல்லை மொழிபெயர்ப்பாளர் மத்தேயுவில் ஒரு விதமாகவும் லூக்காவில் வேறு விதமாகவும் தந்திருப்பார். சொல் எண்ணிக்கைக்குக் கிரேக்கத்தின் கீழே சொல்லுக்குச் சொல் பொருள் தந்த பதிப்பு வேண்டும். வரிசை, சேர்க்கை, நீக்கம் பார்க்கத் தமிழ் போதும்.

நெல்லைமறை:
காலக்கணக்கில்தான் எனக்கு மாற்றுக்கருத்து. மாற்கு கி.பி. 70-ஐ ஒட்டி, மத்தேயுவும் லூக்காவும் 80–90, யோவான் 90–100 என்று பாடநூல்கள் எல்லாம் எழுதுகின்றன. இதன் பெரும்பகுதி, எருசலேம் ஆலயத்தை 70-இல் உரோமையர் அழித்ததை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது என்ற அனுமானத்தில் நிற்கிறது. மாற்கு 13:2-இல் கல்லின்மேல் கல் இராது என்று வருகிறது. ஆலய வளாகத்தின் தாங்குசுவர்க் கற்கள் இன்றும் எருசலேமில் நிற்கின்றன. நடந்ததைப் பார்த்து எழுதியவர் இன்னும் துல்லியமாக எழுதியிருப்பார் அல்லவா? அப்போஸ்தலர் நடபடிகள், பவுல் உரோமையில் உயிரோடு காவலில் இருக்கும்போதே முடிகிறது. அதாவது 62 வாக்கில். அதற்கு முன்பு லூக்கா, அதற்கும் முன்பு மாற்கு. 1976-இல் ஜான் ராபின்சன் புதிய ஏற்பாடு முழுவதையுமே 70-க்கு முன் வைத்து வாதிட்டார். அவர் பழமைவாதி அல்லர்.

மூன்றுபத்தி:
மாற்கைப் பொறுத்தவரை உங்கள் வாதத்துக்கு இடம் இருக்கிறது, ஐயா. போருக்குச் சற்று முன், போரின்போது, சற்றுப் பின் என்று மூன்றையும் 13-ஆம் அதிகாரம் தாங்கும். லூக்காவிடம் தாங்காது. மாற்கு 13:14-இல் "பாழாக்கும் அருவருப்பு" என்று மறைபொருளாக இருப்பதை லூக்கா 21:20 "எருசலேம் சேனைகளால் சூழப்பட்டிருப்பதை" என்று மாற்றுகிறது. 19:43-இல் எதிரிகள் மதில்போட்டு வளைப்பதாக வருகிறது. உரோமைத் தளபதி தீத்து 70-இல் செய்தது அதுதான். மத்தேயு 22:7-இல் விருந்து உவமைக்கு நடுவே ராஜா படையனுப்பி நகரத்தைச் சுட்டெரிக்கிறான்; லூக்கா 14-இல் உள்ள இணை உவமைக்கு அது தேவைப்படவில்லை. நடபடிகள் உரோமையில் நிற்பதற்கு, செய்தி உரோமையை எட்டியதே நூலின் இலக்கு என்ற விளக்கமும் சம பலத்தில் நிற்கிறது. அதிலும் 20:25-இல் இனி என் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள் என்று பவுல் சொல்வது, அவர் முடிவை அறிந்த ஒருவர் எழுதியதுபோல் இருக்கிறது.

நெல்லைமறை:
சரி, நற்செய்திகளின் ஆண்டை விடுவோம். அதற்கு முன்பே எழுத்தில் இருப்பதைப் பார்ப்போம். தெல்பியில் கிடைத்த கல்வெட்டு உரோமை ஆளுநர் கல்லியோனின் பதவிக்காலத்தை 51–52 என்று கட்டிவிடுகிறது. நடபடிகள் 18:12-இன்படி பவுல் அப்போது கொரிந்துவில். அதிலிருந்து எண்ணினால் 1 கொரிந்தியர் 50-களின் நடுவில். 15:3-இல் "நான் பெற்றுக்கொண்டதை உங்களுக்கு ஒப்படைத்தேன்" என்று தொடங்கி மரணம், அடக்கம், உயிர்ப்பு, கேபாவுக்கு (பேதுருவுக்கு) காட்சி என்று வாய்பாடாகச் சொல்கிறார். கலாத்தியர் 1:18–19-இல் கேபாவோடு பதினைந்து நாள் தங்கியதையும் ஆண்டவரின் சகோதரன் யாக்கோபைக் கண்டதையும் எழுதுகிறார். நற்செய்திகளுக்கு முந்தைய, நேரில் அறிந்தவர்களை நேரில் அறிந்தவரின் சாட்சி இது.

மூன்றுபத்தி:
இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். இயேசு என்றொருவரே இருந்ததில்லை என்பவர்கள் கலாத்தியர் 1:19-ஐத் தாண்ட முடியாமல் திணறுவது இதனால்தான். யோசேப்பு என்ற யூத வரலாற்றாசிரியரும் 'பழமைகள்' 20-ஆம் நூலில், 62-இல் கொல்லப்பட்ட யாக்கோபைக் "கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன்" என்றே அடையாளம் காட்டுகிறார். 18-ஆம் நூலில் இயேசுவைப் பற்றி வரும் நீண்ட பத்தியைச் சான்றாகக் காட்டாதீர்கள், அதில் கிறிஸ்தவ எழுத்தர்களின் கைவரிசை இருக்கிறது.

நூலகவாசல்:
பெயர்கள்? மத்தேயு மத்தேயுதான் எழுதினாரா?

சுவடிப்பெட்டி:
நான்கு நூல்களின் உள்ளேயும் ஆசிரியர் தன் பெயரைச் சொல்லவில்லை. 150-ஐ ஒட்டி உரோமையில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் "அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகள்" என்கிறார், தனித்தனிப் பெயர் தருவதில்லை. நான்கையும் நான்கு பெயரோடு சேர்த்துச் சொல்வது இரேனேயு, 180 வாக்கில். அதற்கு முன் எராப்போலி ஆயர் பப்பியா இருவரைப் பற்றிச் சொன்னதை யூசேபியு தம் திருச்சபை வரலாற்றில் எடுத்து வைத்திருக்கிறார்: மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளர், நினைவில் இருந்ததைத் துல்லியமாக, ஆனால் வரிசைப்படி அல்லாமல் எழுதினார், மத்தேயு எபிரேய மொழியில் வாக்குகளைத் தொகுத்தார். இரண்டாவது கூற்று நம் மத்தேயுவுக்குப் பொருந்தவில்லை. நம் மத்தேயு கிரேக்க மாற்கைப் பயன்படுத்தியது; 21:16-இல் சங்கீதம் 8-ஐ எடுத்தாளும்போது கிரேக்க மொழிபெயர்ப்பின் "துதி" என்ற பாடத்தில் நிற்கிறது, எபிரேயத்தில் அங்கே "பெலன்". மாற்கு பற்றிய கூற்றை நான் தள்ளிவிட மாட்டேன். கற்பனையாகப் பெயர் வைப்பதென்றால் அப்போஸ்தலர் அல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுப்பது விசித்திரம். பேதுருவின் பெயரையே போட்டிருக்கலாம். பின்னாளில் அப்படி ஒரு பேதுரு நற்செய்தி எழுந்து, 200-ஐ ஒட்டி அந்தியோக்கியா ஆயர் செராப்பியோன் அதைப் படித்துப் பார்த்து நிறுத்தவும் செய்தார்.

நூலகவாசல்:
தோமா நற்செய்தி, பர்னபா நற்செய்தி பற்றியும் சொல்லுங்கள். பர்னபாவைத்தான் தமிழில் அதிகம் மேற்கோள் காட்டுகிறார்கள்.

மூன்றுபத்தி:
இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பர்னபா பெயரில் நூல் ஒன்று இருந்ததாகப் பழைய பட்டியல் குறிப்பு உண்டு, அதன் பாடம் எதுவும் மிஞ்சவில்லை. இப்போது புழங்குவது வியன்னாவில் உள்ள இத்தாலியச் சுவடி, 16-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது. அதில் யூபிலி என்ற புனித ஆண்டு நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. மோசேயின் சட்டத்தில் ஐம்பது. நூறு என்பது போப் எட்டாம் போனிபாஸ் 1300-இல் ஏற்படுத்தியது. இயேசு கப்பலேறி நாசரேத்துக்குப் போய்ச் சேர்கிறார். நாசரேத்து ஏரியிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மலைமேல் இருக்கும் ஊர். முதல் நூற்றாண்டுக்கு இதைச் சான்றாகக் கொள்ள வழியே இல்லை.

தோமா உண்மையிலேயே பழையது. 1945-இல் எகிப்தின் நாக் அம்மாடியில் காப்டிக் மொழியில் முழுதாகக் கிடைத்தது, 114 வாக்குகள், பாடுகளின் கதை இல்லை. அதன் கிரேக்கத் துண்டுகள் மூன்று ஆக்சிரிங்கஸில் முன்பே கிடைத்திருந்தன. நம் நற்செய்திகளைச் சாராத மூலம் என்று பலர் கருதுகிறார்கள். எனக்குத் தயக்கம் உண்டு. 5-ஆம் வாக்கின் கிரேக்கத் துண்டு, மாற்கு 4:22-ஐ லூக்கா 8:17-இல் எப்படிச் செப்பனிட்டாரோ அந்தச் செப்பனிட்ட வடிவத்தோடு ஒத்துப்போகிறது. சென்னைப் பரங்கிமலை மரபோடு இந்த நூலைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தியப் பயணம் வருவது 'தோமாவின் பணிகள்' என்ற வேறு நூலில், 3-ஆம் நூற்றாண்டில் சிரியாக் உலகில் எழுந்தது.

நைசியா விஷயம் சுருக்கமாக: 325-இல் அந்தச் சங்கம் போட்ட 20 விதிகளில் எதுவும் நூல் பட்டியல் அல்ல. இரேனேயு நான்கைத் தவிர வேறில்லை என்று வாதிட்டது அதற்கு நூற்றைம்பது ஆண்டு முன்பு. பி45 நான்கையும் நடபடிகளையும் ஒரே நூலாகக் கட்டியது 3-ஆம் நூற்றாண்டில். 27 நூல்களின் பட்டியலை அப்படியே தருவது 367-இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுவின் கடிதம்.

கீற்று:
லூக்கா 2-இல் இயேசுவின் பிறப்போடு வரும் குடிமதிப்பு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) சரியா?

மூன்றுபத்தி:
அது பிழைதான் என்பது என் முடிவு. லூக்கா 1:5 ஏரோது காலத்தில் தொடங்குகிறது. பெரிய ஏரோது கி.மு. 4-இல் இறந்தான். லூக்கா குறிப்பிடும் உரோமை ஆளுநர் குரேனியு சிரியாவுக்கு வந்து குடிமதிப்பு எடுத்தது, ஏரோதின் மகன் அர்கெலாயு நீக்கப்பட்டபின், கி.பி. 6-இல். இடைவெளி பத்தாண்டு. ஏரோதின் கடைசி ஆண்டுகளில் சிரியாவை ஆண்டவர்கள் சத்துர்னினு, பிறகு வாரு. பழைய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனே குடிமதிப்பைச் சத்துர்னினு காலத்தில் வைக்கிறார்.

நெல்லைமறை:
"குரேனியு ஆளுவதற்கு முன் நடந்த குடிமதிப்பு" என்றும் அந்தக் கிரேக்கத்தைப் படிக்க முடியும் என்று சிலர் சொல்வார்கள். இலக்கணம் இடம் தந்தாலும் இயல்பான வாசிப்பு அல்ல என்று நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆண்டில் தடுமாறியதை வைத்து லூக்காவை முழுவதுமாகத் தள்ளுவது நியாயமில்லை.

மூன்றுபத்தி:
தள்ளவில்லை. அதற்காகத்தான் பகுதி பகுதியாகப் பார்க்கச் சொல்கிறேன். இயேசு இறந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்கு 14:12-இல் கடைசி இரவுணவு பஸ்கா என்ற யூதப் பண்டிகையின் உணவு. யோவான் 18:28-இல் மறுநாள் காலையிலும் பஸ்கா இன்னும் உண்ணப்படவில்லை, 19:14 அதை உறுதிசெய்கிறது. வெள்ளிக்கிழமை என்பதில் இருவரும் ஒன்று, யூத நாள்காட்டியின் நிசான் மாதம் 14-ஆ 15-ஆ என்பதில் முரண். பஸ்கா ஆட்டுக்குட்டி அறுக்கும் நாளில் இயேசு இறப்பது யோவானின் இறையியலுக்கு வசதி; 19:36-இல் எலும்பு முறியாததையும் அதோடு சேர்க்கிறார். அப்படியிருந்தும் பண்டிகை நாளன்றே ஆலோசனைச் சங்கம் கூடி விசாரித்தது என்ற மாற்கின் சித்திரத்தைவிட யோவானின் நாள்தான் நடப்புக்குப் பொருத்தம். கி.பி. 30-இல் ஏப்ரல் 7, கி.பி. 33-இல் ஏப்ரல் 3 இரண்டும் நிசான் 14 வெள்ளியாக விழக்கூடிய நாள்கள் என்று வானியல் கணக்கும் சொல்கிறது. இங்கே பிந்தைய நூல் முந்தையதை வெல்கிறது.

வைகைக்கரை:
ஒரே நிகழ்ச்சியில் முறை முழுவதையும் செய்து காட்ட முடியுமா?

மூன்றுபத்தி:
இயேசு திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றதை எடுப்போம். மாற்கு 1:9 ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: வந்தார், யோவானால் ஞானஸ்நானம் பெற்றார். அது பாவமன்னிப்புக்கான ஞானஸ்நானம் என்று 1:4-இல் ஏற்கெனவே சொல்லியாயிற்று. மத்தேயு 3:14-இல் யோவான் தடுக்கிறார், "நான் உம்மாலே பெறவேண்டியிருக்க" என்கிறார். பாவமன்னிப்பு என்ற சொல்லும் அங்கிருந்து எடுபட்டு 26:28-இல் கிண்ணத்தின்மேல் பேசும் இடத்துக்குப் போய்விடுகிறது. லூக்கா 3:20-இல் யோவானைச் சிறையில் போட்டுவிட்டு, அடுத்த வசனத்தில்தான் இயேசு ஞானஸ்நானம் பெற்றதைச் சொல்கிறது. கொடுத்தவர் பெயர் இல்லை. நான்காம் நூலில் யோவான் சாட்சி சொல்கிறார், ஞானஸ்நானம் நடந்ததாக ஒரு வரியும் இல்லை. நாலும் சங்கடத்தோடு நகர்வது ஒரே திசையில். யோவான் என்பவர் இருந்தார், அந்திப்பா அவரைக் கொன்றான் என்பதற்கு யோசேப்பின் 18-ஆம் நூலில் யோவானைப் பற்றி வரும் வேறொரு பத்தி தனிச்சான்று. அவர் தரும் காரணம் மக்கள் கிளர்ச்சி பற்றிய பயம், நற்செய்திகள் சொல்லும் அந்திப்பாவின் திருமண விவகாரம் அல்ல. எனவே ஞானஸ்நானம் நடந்தது என்பதில் உயர்ந்த உறுதி. வானத்திலிருந்து வந்த குரல் வரலாற்று முறைக்கு எட்டாதது. அதை உண்டென்றோ இல்லையென்றோ இந்த முறையால் சொல்ல முடியாது.

நெல்லைமறை:
ஒரு திருத்தம். சங்கடப்பட்டது மத்தேயுவும் லூக்காவும்தான். மாற்கு கொஞ்சமும் சங்கடப்படவில்லை. பின்னால் வந்தவருக்குச் சங்கடம் என்பதால் முன்னவர் புனையவில்லை என்று ஆகாது.

மூன்றுபத்தி:
மிகச் சரியான திருத்தம். சங்கடத்தை அளவுகோலாக எடுப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். அதனால் நான் கனம் கொடுப்பது யோசேப்புக்கும், நடபடிகள் 19:1–5-இல் எபேசுவில் யோவானின் ஞானஸ்நானம் மட்டுமே பெற்ற சீடர்கள் தனியாக இருந்ததற்கும். யோவானின் இயக்கம் தொடர்ந்து இருந்திருக்கிறது. அவரிடம் தங்கள் தலைவர் போனதாகச் சொல்வதால் கிறிஸ்தவர்களுக்கு மாற்குக் காலத்திலும் லாபம் இல்லை. அப்படி வைத்தாலும் "உறுதி" என்று எழுதுங்கள், "நிரூபணம்" என்று எழுத வேண்டாம். மாற்கு, மத்தேயு, லூக்கா மூன்றிலும் வருவதை மூன்று சாட்சியாகவும் எண்ணாதீர்கள். மாற்கிலிருந்து எடுத்தது எத்தனை நூலில் வந்தாலும் ஒரு சாட்சிதான். அடுத்ததாக மாற்கு 5:1-ஐ எடுத்துப் பாருங்கள். பன்றிகள் ஏரிக்குள் பாய்ந்த ஊர் கெரசாவா, கதராவா, கெர்கெசாவா என்று சுவடிகள் பிரிகின்றன. கெரசா ஏரியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பாடபேதம், மூல உறவு, நிலவியல் மூன்றும் ஒரே வசனத்தில் கிடைக்கும்.